சிவந்தால் மட்டும் போதாது

“தம்பி, காஸ் வருகுதில்லை.”

ஓவன் பத்தவில்லை என்று என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். மேலே இருக்கிற அடுப்புகள் எரிகின்றனவா என்று கேட்பேன். எரிகின்றன என்பார்கள். அப்படியென்றால் காஸ் வீட்டுக்குள் வருகிறது, அடுப்புக்கும் வருகிறது, ஓவனின் வால்வு வரைக்கும் வந்து நிற்கிறது. அதற்கு அப்பால் போக அந்த வால்வு விடவில்லை. வால்வு பழுதாகிப்போய் மறிப்பது அபூர்வம். நெருப்பு கட்டாயம் பத்தும் என்ற உறுதி கிடைக்காதபடியால்தான் மறிக்கிறது. பத்தாத ஓவன்களில் பெரும்பாலானவை தங்கள் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிற ஓவன்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். இது விளங்கினால் வீண்செலவு குறையும். அதைவிட முக்கியம், தீக்குச்சியைக் கொளுத்திக்கொண்டு ஓவனுக்குள் தலையை நீட்டுகிற பழக்கம் நிற்கும்.

ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவிலும் அதற்கு வடக்கே மார்க்கத்திலும் வீட்டுச் சாமான்கள் திருத்துவது என் தொழில். காஸ் வேலைக்கு ஒன்ராறியோ மாகாணம் கேட்கிற அத்தாட்சிப் பத்திரம் என்னிடம் உண்டு. எங்கள் ஆட்களின் வீடுகளில் வருடத்தின் பெரும்பகுதி ஓவன் என்பது தாச்சிகளும் கேக் தட்டங்களும் அடுக்கிவைக்கிற இடம். ஒக்டோபரில் தாங்ஸ்கிவிங்குக்குப் பிள்ளைகள் வான்கோழி கேட்பார்கள்; டிசம்பரில் நத்தார் கேக் போடவேண்டும். அப்போதுதான் சாமான்களை வெளியே எடுத்து ஓவனைப் போட்டுப் பார்ப்பார்கள். பத்தாது. அதனால் எனக்கு வருகிற ஓவன் அழைப்புகளில் பாதிக்குமேல் குளிர்காலத் தொடக்கத்தில்தான் வரும். ரவையும் முந்திரிப்பருப்பும் சீனியில் ஊறிய பூசணித் துண்டுகளும் மேசையில் தயாராக இருக்க, வீட்டுக்கார அம்மா பதறிப்போய் நிற்பார்.

பருத்தித்துறையில் என் மாமாவுக்கு ஒரு பேக்கரி இருந்தது. விறகு எரிக்கிற போறணை. தணலை ஒதுக்கிவிட்டு வாசலுக்குள் கையை நீட்டிப் பார்த்தே பாண் வைக்கலாமா வேண்டாமா என்று மாமா சொல்லிவிடுவார். நெருப்பைக் கண்ணாலும் கையாலும் அளந்து பழகிய ஊர் எங்களுடையது. அந்தப் பழக்கம் இந்த ஓவன்களிடம் செல்லாது. இங்கே கண் ஒன்றைச் சொல்லும், மீற்றர் வேறொன்றைச் சொல்லும். மீற்றர் சொல்வதுதான் சரி.

ஏன் என்று விளங்க, இந்த அடுப்பு எப்படிப் பத்துகிறது என்று பார்க்கவேண்டும். மேலே உள்ள அடுப்புகளைத் திருகும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அது மின்பொறி. காஸ் முதலில் வெளியே வருகிறது, பக்கத்தில் உள்ள சிறு முனையிலிருந்து பொறி பாய்ந்து அதைப் பத்தவைக்கிறது. அது உங்கள் கண்முன்னே திறந்தவெளியில் நடக்கிற காரியம். பத்தாவிட்டால் உடனே தெரியும், திருகை மூடிவிடலாம். ஓவனில் அப்படி இல்லை. கதவு பூட்டிய பெட்டி. அடித்தட்டுக்குக் கீழே, ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில் நெருப்பு எரியவேண்டும். அதுவும் ஒருமுறை பத்தி முடிந்துவிடுகிற நெருப்பல்ல. சூடு போதியளவு வந்ததும் அணையும், குறைந்ததும் தானாகவே திரும்பப் பத்தும். ஒரு கேக் வேகிற நேரத்துக்குள் இது பலமுறை நடக்கும். ஒரேயொரு தடவை காஸ் வந்து நெருப்பு வராமல் போனால் பெட்டிக்குள் காஸ் சேரும். வடஅமெரிக்க வீடுகளில் உள்ள பெரும்பாலான காஸ் ஓவன்கள் வடிவமைக்கப்பட்டிருப்பது இந்த ஒரு ஆபத்தை நினைத்துத்தான்.

அதற்காக அவர்கள் செய்த ஏற்பாடு எளியது, நேர்மையானது. ஓவனின் பேர்னருக்குப் பக்கத்தில் கைவிரல் நீளத்துக்குச் சற்றுக் கூடிய ஒரு சாம்பல்நிறத் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். அதுதான் இக்னைற்றர். சிலிக்கன் காபைட்டு என்ற பொருளால் ஆனது. சாணைக்கல் செய்வதும் அதே பொருளில்தான். 1890களின் தொடக்கத்தில் எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் மின் உலையில் அதை உருவாக்கினார். பிறகு நயாகரா அருவியின் மின்சாரம் கிடைத்ததும் தொழிற்சாலையை அங்கே கொண்டுபோனார். இங்கு வருகிற எங்கள் உறவுக்காரர் எல்லாரையும் நாங்கள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற அதே நயாகராதான். அந்தத் துண்டில் மின்சாரம் பாய்ந்தால் அது சூடேறி, 1000 பாகை செல்சியசைத் தாண்டி, செம்மஞ்சளாய் ஒளிரும். குழாயில் வருகிற இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அது பத்த 500 பாகைக்குச் சற்று மேலான சூடு போதும். ஆக, ஒளிர்கிற துண்டு காஸைக் கொளுத்த வல்லது.

ஆனால் காஸ் அதனிடம் வரவேண்டுமே. அந்த வழியில் இருப்பதுதான் முதலில் சொன்ன பாதுகாப்பு வால்வு. அதற்குள் ஒரு ஈருலோகத் தகடு இருக்கிறது. வெவ்வேறு அளவில் விரிகிற இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு, சூடானால் வளையும். அது வளைந்தால் காஸின் வழி திறக்கும், ஆறினால் மூடும். அதைச் சூடாக்குவதற்குத் தனியாக மின்சாரம் கிடையாது. இக்னைற்றரும் வால்வும் ஒரே மின்கம்பியில் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இரண்டு மடைகள் இருந்தால் முதல் மடையைத் தாண்டி வருகிற தண்ணீர்தானே இரண்டாவதற்குப் போகும், அதுபோல. இக்னைற்றர் எவ்வளவு மின்னோட்டத்தை விடுகிறதோ அவ்வளவுதான் வால்வுக்குக் கிடைக்கும்.

இந்தப் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை அதிகம் தடுக்கும். சூடேறச் சூடேறத் தடை குறைந்து மின்னோட்டம் கூடும். ஆகவே வால்வுக்குப் போதிய மின்னோட்டம் வந்துவிட்டது என்றால், இக்னைற்றர் முழுச் சூட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போதுதான் வால்வு திறக்கும். திறந்த காஸ், ஏற்கெனவே தகித்துக்கொண்டிருக்கிற துண்டைத் தொட்டவுடனே பத்தும். இடையில் கறண்ட் போனால் இக்னைற்றர் ஆறும், வால்வும் தானாக மூடும். கணினி இல்லை, உணரி இல்லை. இரண்டு பொருள்களின் இயல்பை மட்டும் நம்பிச் செய்த காவல் இது. என் தொழிலில் நான் மிக மதிக்கிற ஏற்பாடுகளில் ஒன்று.

தட்டையான இக்னைற்றர் பொருத்திய ஓவன்களில் வால்வு திறக்க வழக்கமாக 3.2 முதல் 3.6 அம்பியர் வேண்டும். உருளை வடிவத்தில் இருப்பவற்றுக்கு 2.5 முதல் 3 அம்பியர். இங்குள்ள 120 வோல்ற் மின்சாரத்தில் கணக்குப் பார்த்தால் இக்னைற்றர் மட்டும் 400 வாட் அளவு எடுக்கிறது. நெருப்பு எரிகிற நேரம் முழுவதும் அது ஒளிர்ந்துகொண்டே இருக்கும். காஸ் ஓவன் என்று சொல்கிறோம், ஆனால் மின்சாரம் இல்லாமல் அது காஸ் துளி விடாது.

வில்லங்கம் தொடங்குவது இங்கேதான். வருடக்கணக்காகச் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அந்தத் துண்டு மெல்ல மெல்லத் தளர்கிறது. தடை கூடுகிறது, மின்னோட்டம் குறைகிறது. ஆனால் ஒளிர்வது நிற்பதில்லை. 3.4 அம்பியர் எடுத்த துண்டு 2.7 எடுக்கும்போதும் சிவப்பாய்த்தான் தெரியும். காஸைப் பத்தவைக்கிற சூடுகூட அதில் இருக்கலாம். வால்வுக்கு அது போதாது. அதனால் காஸ் வராது. பார்க்கிறவர், “இக்னைற்றர் நல்லாத்தானே வேலை செய்யுது, வால்வு போயிட்டுது” என்று முடிவு கட்டிவிடுவார்.

எக்ளிங்டன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. சின்னம்மா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவது. உறவு இல்லை, அம்மாவின் ஊர்க்காரர். அவருடைய மகன் கெட்டிக்காரன், கணினித் துறையில் இருக்கிறான். இணையத்தில் படம் பார்த்து, இக்னைற்றர் ஒளிர்கிறது, ஆகவே வால்வுதான் பிழை என்று தீர்மானித்து, இக்னைற்றரைவிடப் பலமடங்கு விலையான வால்வை வாங்கி வைத்திருந்தான். நல்லவேளை, பூட்டுவதற்கு முன் சின்னம்மா என்னைக் கூப்பிட்டார்.

“பாருங்கோ அண்ணை, எப்படிச் சிவக்குது எண்டு. பிறகு ஏன் பத்துதில்லை?”

அடித்தட்டைக் கழற்றி, கம்பி ஒன்றைச் சுற்றி கிளாம்ப் மீற்றரைப் போட்டேன். இது கம்பியை வெட்டாமல், அவிழ்க்காமல், சுற்றிப் பிடித்தே மின்னோட்டத்தைச் சொல்லிவிடும் கருவி. 2.6 இல் நின்றது. ஒரு நிமிடம் பார்த்தோம், அதற்குமேல் ஏறவில்லை.

“தம்பி, உந்த மாதிரிக்கு மூன்றுக்கு மேலே வேணும். வால்வு திறக்காமல் நிக்கிறது சரி. திறந்திருந்தால்தான் பிழை.”

புது இக்னைற்றர் போட்டதும் மீற்றர் 3.4 வரை ஏறியது. ஒரு நிமிடத்துக்குள் நீல நெருப்பு பேர்னர் முழுவதும் ஓடியது. வாங்கிய வால்வைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அந்தப் பொடியனுக்கு ஒரு விசயத்தையும் சொன்னேன்: அளக்கத்தான் வேண்டும் என்றால் ஓம் கணக்கில் அளந்து முடிவு எடுக்காதே. குளிர்ந்த துண்டின் தடையை அளந்தால், தளர்ந்துபோன இக்னைற்றரும் நல்லது போலவே காட்டும். வேலை செய்யும்போது எத்தனை அம்பியர் எடுக்கிறது என்பதுதான் கேள்வி.

இக்னைற்றர் ஒரே நாளில் கைவிடுவதில்லை. முன்கூட்டியே அடையாளம் காட்டும். முன்பெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் பத்திய ஓவன் ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் எடுக்கும். 350 பாகை பரனைற்றுக்கு வர வழமையைவிட நெடுநேரம் செல்லும். கேக் ஒரு நாள் நன்றாக வரும், இன்னொரு நாள் நடுவில் வேகாது. மாவைக் குறை சொல்வோம். தொடங்கும்போது காஸ் மணம் இலேசாக வரும். கடைசியாக, பத்தும்போது “பும்” என்று ஒரு சத்தம், கதவு அதிரும். இந்தக் கடைசி அடையாளத்தை ஒருவரும் அலட்சியம் செய்யக்கூடாது. வால்வு அரைகுறையாகத் திறந்து, காஸ் கொஞ்சம் சேர்ந்த பிறகு பத்துகிறது என்பதே அதன் பொருள். அந்த நிலையில் ஓவனைப் பாவிக்காதீர்கள். நத்தாருக்கு இரண்டு நாள்தான் இருந்தாலும் பாவிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் கேக் போட்டு எடுக்கலாம்.

என்னைப்போன்ற ஒருவரைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. அவற்றைப் பார்த்தே பலருக்குச் செலவில்லாமல் முடிந்திருக்கிறது. அடுப்பின் மணிக்கூடு எரிகிறதா? எரியாவிட்டால் பிளக் கழன்றிருக்கலாம், பிறேக்கர் விழுந்திருக்கலாம். கறண்ட் போய் வந்த பிறகு சில அடுப்புகளில் மணிக்கூட்டை நேரத்துக்கு வைத்தால்தான் ஓவன் வேலை செய்யும். பேரப்பிள்ளை பொத்தான்களை அழுத்தி விளையாடியதில் பூட்டு விழுந்திருக்கும்; திரையில் ஒரு பூட்டுப் படமோ சில எழுத்துகளோ தெரியும். அந்தப் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் விடுபடும். மேலே உள்ள அடுப்புகளும் எரியவில்லை என்றால் அடுப்பின் பின்னாலுள்ள காஸ் குழாயின் கைபிடியைப் பாருங்கள். குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. சில அடுப்புகளில் ஓவனுக்கு மட்டும் காஸை நிறுத்துகிற சிறு நெம்பு ஒன்று உள்ளே இருக்கிற அழுத்தச் சீராக்கியில் இருக்கும். அடுப்பை இழுத்துத் துப்புரவாக்கியபோதோ வீடு மாறியபோதோ அது தட்டுப்பட்டு மூடியிருக்கலாம். மேல் அடுப்பெல்லாம் எரிந்து ஓவன் மட்டும் பத்தாமல், இக்னைற்றரும் நல்லதாக இருந்தால் நான் தேடுகிற முதல் இடம் அதுதான்.

இன்னொரு சோதனை எனக்குத் தொலைபேசியிலேயே பாதி வேலையை முடித்துவிடும். ஓவனின் மேற்பக்கத்தில் இன்னொரு பேர்னர் இருக்கும், மேலிருந்து வாட்டுவதற்கு. பொத்தானில் ‘புறோயில்’ என்று போட்டிருக்கும். அதைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான மாதிரிகளில் அதற்குத் தனி இக்னைற்றர் உண்டு. மேலே பத்தி, கீழே பத்தவில்லை என்றால் மின்சாரமும் காஸும் ஓவனுக்கு ஒழுங்காய் வருகின்றன. கீழ் இக்னைற்றர்மேல்தான் சந்தேகம். இரண்டுமே பத்தாவிட்டால் காரணம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அந்த நெம்பிலோ கட்டுப்பாட்டுப் பலகையிலோ இருக்கக்கூடும்.

அலுமினியத் தாளைப்பற்றி ஒரு வார்த்தை. அடித்தட்டு அழுக்காகக் கூடாது என்று முழுவதும் தாளால் மூடிவைக்கிறார்கள். அந்தத் தட்டில் உள்ள துளைகளும் வெட்டுகளும் காற்று போய்வருவதற்கு. அவை அடைபட்டால் நெருப்பு ஒழுங்காக எரியாது. எரிந்தாலும் நச்சுவாயு உண்டாகும். உள்ளே வழிந்து காய்ந்துபோன குழம்பும் வெண்ணெயும் பேர்னரின் சிறு துளைகளை அடைத்திருந்தால் அதுவும் பத்துவதைத் தாமதப்படுத்தும். தானாகத் துப்புரவாக்கும் பொத்தான் உள்ள ஓவன் என்றால், விசேட நாளுக்கு முந்திய வாரத்தில் அதை அழுத்தாதீர்கள் என்பது என் கெஞ்சல். உள்ளே ஏறத்தாழ 480 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி அழுக்கைச் சாம்பலாக்குகிற ஏற்பாடு அது. ஏற்கெனவே தளர்ந்த இக்னைற்றரோ கதவுப் பூட்டோ அந்தச் சூட்டோடு போய்விடும். பாத்திரச் சோப்பும் ஈரத் துணியும் போதும்.

செய்யக்கூடாதவை. தீக்குச்சியால் ஓவனைப் பத்தவைக்க முயலாதீர்கள். மின்தடையின்போது மேல் அடுப்பைத் தீக்குச்சியால் பத்தவைக்கலாம், அதற்கு இடமுண்டு. இக்னைற்றர் உள்ள ஓவனில் அது பலிக்காது. வால்வு மூடியே இருக்கும்; அரைகுறையாகத் திறந்திருந்தால் முகத்தில்தான் வெடிக்கும். வால்வுக்கு நேரடியாக 120 வோல்ற் கொடுத்துத் திறக்கப் பார்க்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். அது மூன்று வோல்ற் அளவுக்காகச் செய்த பொருள். ஒரு கணத்தில் கருகும். கருகாமல் திறந்துவிட்டால் அதைவிட ஆபத்து. காவலைக் கழற்றிவிட்டு நெருப்போடு விளையாட ஒருவருக்கும் உரிமையில்லை, மேல்மாடியில் பிள்ளைகள் தூங்குகிற வீட்டில் அறவே இல்லை.

இக்னைற்றரைத் தாங்களே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காஸ் குழாயை அவிழ்க்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இயலும். அடுப்பின் பிளக்கை முதலில் கழற்றுங்கள். ஓவன் முற்றாக ஆறட்டும். துண்டு கண்ணாடியைவிட எளிதில் உடையும், அதன் உலோகக் கூட்டை மட்டும் பிடியுங்கள். கதவைத் திறந்தால் சட்டத்திலோ, கீழ் இழுப்பறையைத் திறந்தால் உள்ளேயோ மாதிரி எண் ஒட்டியிருக்கும். அந்த எண்ணைச் சொல்லித்தான் உதிரிப்பாகம் வாங்கவேண்டும், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறதென்று வாங்கக்கூடாது. தட்டைக்குப் பதில் உருளை போட்டால் வால்வோடு பொருந்தாது. கம்பிகளை இணைக்க வெண்களி மூடிகள் கூடவே வரும். அவற்றையே போடுங்கள், பிளாஸ்ரிக் மூடி அந்த இடத்தில் உருகிவிடும். காஸ் குழாயின் ஒரு இணைப்பையாவது அவிழ்க்கவேண்டி வந்தால் அதோடு உங்கள் வேலை முடிந்தது. ஒன்ராறியோவில் அதைச் செய்யத் தொழில்நுட்பத் தரங்கள் மற்றும் பாதுகாப்பு அதிகாரசபையின் அத்தாட்சி உள்ளவருக்கே அனுமதி. வருகிறவரிடம் அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் கோபிக்கமாட்டேன், நல்ல தொழிலாளி எவரும் கோபிக்கமாட்டார்.

பழைய வீடுகளின் பேஸ்மென்ற் சமையலறைகளில் இன்னும் சில இடங்களில் பைலற் சுடர் உள்ள ஓவன்கள் கிடைக்கும். எந்நேரமும் எரிகிற ஒரு சிறு சுடர்தான் அங்கே காவல். அதன் சூட்டை ஒரு குமிழோ தேர்மோகப்பிளோ உணர்ந்தால்தான் வால்வு திறக்கும். தேர்மோகப்பிள் என்பது இணைந்த இரண்டு வேறு உலோகக் கம்பிகள்; அவற்றின் முனை சூடாகும்போது சிறு மின்சாரம் பிறக்கும். ஒரு வோல்ற்றில் நூற்றில் மூன்று பங்கு அளவுதான். அதுவே வால்வைப் பிடித்துவைக்கப் போதும். அங்கே ஓவன் பத்தாவிட்டால் முதலில் அந்தச் சுடர் அணைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் தூசி அடைத்திருக்கும். சில புதிய மாதிரிகளில் ஓவனுக்குள்ளும் மின்பொறிதான். அவற்றில் இக்னைற்றர் அம்பியர் கணக்குச் செல்லாது.

மணத்தைப்பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. இயற்கை வாயுவுக்குத் தன்னளவில் மணம் இல்லை. அழுகிய முட்டைபோன்ற அந்த நாற்றம் நமக்காகச் சேர்க்கப்படுவது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பாடசாலையில் மணமில்லாத காஸ் கட்டடத்தின் அடியில் கசிந்து சேர்ந்து வெடித்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் காஸில் மணம் சேர்ப்பது சட்டமாயிற்று. அந்தப் பிள்ளைகளின் உயிரை விலையாகக் கொடுத்துக் கிடைத்த எச்சரிக்கை அது. மூக்கில் பட்டால் மதியுங்கள்.

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது பத்தும். இது காற்றைவிட இலேசானது, மேலே எழும்பி யன்னலால் வெளியேறும். ஊரில் நாம் பாவிக்கிற சிலிண்டர் காஸ் நேர்மாறு. காற்றைவிடப் பாரமானது, தரையோடு படிந்து மூலையில் தங்கும். 2021 இறுதியில் இலங்கையில் சிலிண்டர் காஸ் வீடுகளில் அடுத்தடுத்து வெடிப்புகள் நடந்தபின், ஊரிலிருந்து வந்து தங்குகிற தாய்மார் சிலர் இங்கே அடுப்புக்குப் பக்கத்திலேயே போகப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் பிள்ளைகள் சிரித்துத் தள்ளக்கூடாது. எது எங்கே சேரும், மணம் வந்தால் என்ன செய்வது என்று இருத்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஓவனைப் போட்ட தொடக்கத்தில் ஒரு கணம் இலேசாக மணந்து மறைவது வேறு. மணம் நின்று பெருகினால் லைற் சுவிச்சைத் தொடாதீர்கள், உள்ளே நின்று தொலைபேசி எடுக்காதீர்கள். எல்லாரும் வெளியே வாருங்கள், தூரத்தில் நின்று 911 ஐ அழையுங்கள்.

மணமே இல்லாத ஆபத்து ஒன்றும் உண்டு, காபன் மொனொக்சைட்டு. 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் பனிமழை பெய்து, மரங்கள் முறிந்து கம்பிகளில் விழுந்து, மூன்று லட்சம் மின் இணைப்புகள் இருளில் கிடந்தன. சிலருக்கு நாட்கணக்கில் கறண்ட் வரவில்லை. குளிர் தாங்காமல் பலர் மேல் அடுப்புகளை எரியவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். வேண்டாம். சமைக்கிற நெருப்பு வீடு சூடாக்கச் செய்ததல்ல; பூட்டிய வீட்டில் அந்த வாயு சேர்ந்தால் தூக்கம் வருவது போலத்தான் தெரியும். 2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில், காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தார்கள். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த சட்டத்தின்படி 2014 ஒக்டோபரிலிருந்து ஒன்ராறியோவில் காஸ் பாவிக்கிற வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ஓவன் திருத்தப் போகிற வீட்டில் அந்தக் கருவி இருக்கிறதா என்று நான் கேட்பேன். இல்லையென்றால் அன்றைக்கே வாங்கச் சொல்வேன்.

பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு, முக்கியமாகப் படிக்க வந்திருக்கிற பிள்ளைகளுக்கு: ஓவன் பத்தவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லத் தயங்காதீர்கள். வீட்டோடு தரப்பட்ட அடுப்பைத் திருத்தித் தருவது ஒன்ராறியோச் சட்டப்படி வீட்டுக்காரரின் பொறுப்பு. “உங்களுக்கேன் ஓவன்” என்று கேட்டாலும், மணக்கிறது, “பும்” என்று பத்துகிறது என்பதை எழுத்தில் அனுப்பிவையுங்கள். வீட்டுக்காரரும் யோசிக்கவேண்டும்: அந்தப் பெட்டி இருப்பது அவருடைய வீட்டுக்கு அடியில்.

அடுப்பு பழசு, எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாமா என்று கேட்பார்கள். கதவு ஒழுங்காக மூடுகிறது, தட்டு துருப்பிடித்து ஓட்டையாகவில்லை, மேல் அடுப்புகள் எரிகின்றன என்றால் ஒரு இக்னைற்றருக்காக எறியவேண்டாம். திருத்தியவர் ஒருமுறை பத்தியதும் சாமானைக் கட்டிக்கொண்டு புறப்பட விடாதீர்கள். மீற்றரில் அம்பியரைக் காட்டச் சொல்லுங்கள். ஓவனை 350இல் வைத்து, சூடாகி நெருப்பு அணைந்து, ஆறி, தானாகத் திரும்பப் பத்தும்வரை கூட நின்று பாருங்கள். இரண்டாவது தடவையும் சத்தமில்லாமல், மணமில்லாமல், ஒரு நிமிடத்துக்குள் பத்தினால் மாவைக் கரைக்கத் தொடங்கலாம்.